அம்மா குளிசை போட்டாவா? மருந்தை ஒழுங்காக எடுக்க வைப்பது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் அரச ஆஸ்பத்திரி மருந்து யன்னலுக்குப் பின்னால் பல வருடம் நின்றவள் நான். யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பவர் பெரும்பாலும் மகள், மருமகள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன். வருத்தக்காரர் பின்னால் வாங்கிலில் இருப்பார். வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒருவருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் சொல்லாமல் விட்டவை இவை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை. இதை வாசித்துவிட்டு நீங்களாக ஒன்றும் மாற்றவேண்டாம்.

அம்மா குளிசை போடுகிறாவா இல்லையா என்று எப்படி அறிவது? கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்கிறா.

எல்லாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். டொக்டர் கேட்டாலும் அதே பதில்தான். மரியாதை ஒரு காரணம், ஏச்சு விழும் என்ற பயம் இன்னொன்று. ஆகவே கேட்காதீர்கள், எண்ணுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று 30 நாளைக்குத் தந்தால் 60 குளிசை. பத்தாம் நாள் எண்ணினால் 40 மிஞ்ச வேண்டும். 52 இருந்தால் கதை விளங்கிவிடும். கேட்டுத்தான் ஆகவேண்டுமென்றால், "போட்டீங்களா?" என்பதை விட்டுவிட்டு, "போன கிழமை எத்தனை தரம் தவறியிருக்கும் அம்மா?" என்று கேளுங்கள். தவறுவது வழமைதான் என்று நீங்களே ஒத்துக்கொண்டு கேட்கும்போது உண்மை வரும்.

இது வன்னிக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வசதியான நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்கிறது.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் அம்மாவுக்குச் சலரோகம். மெட்போமினும் கிளிக்கிளசைட்டும் எழுதியிருந்தார்கள். ஒருநாள் வயலில் நிற்கும்போது அவவுக்குக் கை நடுங்கித் தலை சுற்றியிருக்கிறது. அன்றிலிருந்து "அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை"யை, அதாவது கிளிக்கிளசைட்டை, மட்டும் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறா. கிளினிக்கில் ஒன்றும் சொல்லவில்லை. இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனது. கொடுத்தது போதவில்லை என்று நினைத்து டொக்டர் ஒன்றை இரண்டாக்கினார். அவர் வேறு என்ன செய்வார்? அந்த நேரம் நான் லீவில் வீட்டுக்குப் போனேன். பொறுப்பான மகளாக, கொப்பியில் உள்ளபடி ஒவ்வொரு வேளையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியப்புறம் சத்தம் கேட்டு எழும்பினால், அம்மா கட்டிலில் குந்தியிருக்கிறா, போர்வை வேர்வையில் ஊறிக் கிடக்கிறது, என்னைப் பார்த்துச் செத்துப்போன பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறா. சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, பிறகு பாண் தீத்தி, ஒரு மாதிரித் தெளிய வைத்தேன். அன்று மத்தியானம் பழைய மா ரின்னைத் திறந்தபோது அடியில் அறுபத்து மூன்று வெள்ளைக் குளிசைகள். நானோ மருந்தாளர். எனக்கே எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

அதனால், தவறுகிறது என்று கண்டுபிடித்தால் அடுத்த நாளே எல்லாவற்றையும் முழு அளவில் கொடுக்கத் தொடங்காதீர்கள். சீனிக் குளிசை, இன்சுலின், பிரஷர் குளிசை மூன்றிலும் இது ஆபத்து. போடாத குளிசையைப் போட்டதாகக் கணக்கில் வைத்துத்தான் அந்த அளவு ஏறியிருக்கும். முதலில் கிளினிக்கில் போய், "இவ்வளவு நாளும் இதைப் போடவில்லை" என்று சொல்லுங்கள். ஏச்சு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீனி குறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

வேர்வை, நடுக்கம், அகோரப் பசி, நெஞ்சு படபடப்பு, பிறகு பேச்சுத் தடுமாற்றம், ஆள் மாறிக் கதைப்பது. விழுங்கக் கூடிய நிலையென்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்த பிறகு சோறோ பாணோ கொடுக்கவேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். சரித்துக் கிடத்திவிட்டு 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

ஏசாமல் எப்படிப் போட வைப்பது? சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஏசினால் ஒளிப்பார்கள். மா ரின் கதை அப்படித்தான் வந்தது. போடாமல் விடுகிறவருக்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும். அதை ஆறுதலாக வெளியே எடுக்கவேண்டும்.

யன்னலில் நான் கேட்டவற்றில் சில. சலம் போகிற குளிசை போட்டால் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் இருக்க முடியாது. பிரஷர் குளிசை மாற்றியதிலிருந்து இரவிரவாக வறட்டு இருமல். "வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, சுகமாகிவிட்டது." "பக்கத்து வீட்டு அக்கா இதைப் போட்டுத்தான் கிட்னி போனது." பெரிய குளிசை தொண்டையில் சிக்குகிறது. "மருமகளிடம் தண்ணீர் கேட்க மனமில்லை." கடைசியில் சொன்னது ஒரு எழுபது வயது ஐயாவின் காரணம். அவருக்கு மருந்துக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. வருத்தத்தைப் பற்றி எவ்வளவு விளக்கம் கொடுத்திருந்தாலும் அது தீர்ந்திராது.

பக்க விளைவு என்றால் நிறுத்திவிடலாமா?

தோலில் கடி எழும்புவது, முகமோ நாக்கோ வீங்குவது, மூச்சு முட்டுவது, கண் மஞ்சளாவது என்றால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவற்றுக்கு அநேகமாக வழி உண்டு. எனலாபிரில், கப்டோபிரில் வகைப் பிரஷர் குளிசைகளுக்குச் சிலருக்கு வறட்டு இருமல் வரும். லொசாட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றினால் நின்றுவிடும். அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை கணுக்காலை வீங்க வைக்கலாம். மெட்போமின் தொடக்கத்தில் வயிற்றைக் குழப்பும். சாப்பாட்டோடு போட்டால் குறையும், சில கிழமையில் பழகியும் விடும். சலம் போகிற புறுசமைட்டின் நேரத்தைப் பயண நாளில் தள்ளிப் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், அநேகருக்கு ஓம் என்பார். ஆனால் இரவில் போட்டால் நித்திரை போய்விடும், இருட்டில் கக்கூசுக்குப் போய் விழுந்து இடுப்பு உடைத்தவர்களும் உண்டு.

இவற்றில் எதையும் கிளினிக்கில் சொல்லாமல் டொக்டருக்குத் தெரியவராது. "இருமல் வந்தது, விட்டுவிட்டேன்" என்று சொல்ல மூன்று விநாடிகூட ஆகாது.

"கனக்கக் குளிசை போட்டால் கிட்னி பழுதாகும்" என்று ஐயா சொல்கிறார். உண்மையா?

ஐயாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய வவுனியாப் பக்கத்திலும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. ஊரில் ஒருவராவது இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருவதை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவர் பயப்படுகிற குளிசை ஒன்று, பயப்படவேண்டியது வேறொன்று. கட்டுப்பாடில்லாத பிரஷரும் சீனியும்தான் சிறுநீரகத்தை மெதுவாக அரிக்கின்றன. அவற்றுக்கான குளிசைகள் காப்பவை.

சிறுநீரகத்துக்கு உண்மையில் கூடாதது, நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் கடையில் துண்டில்லாமல் வாங்கும் டைக்குளோபினாக், இபுபுறோபென் வகை. அறுப்புக் காலத்தில் வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், லொசாட்டனும் சலக் குளிசையும் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் டைக்குளோபினாக்கும் விழுங்கினால் சிறுநீரகம் சில நாளிலேயே மடங்கலாம். நோவென்றால் பனடோலோடு நிற்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு தரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதைவிடக் குறைய, டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடதாசி உறையில் எழுதியிருப்பது விளங்கவில்லை.

விளங்காததில் வியப்பில்லை. அரைவாசி லத்தீன், மிச்சம் எங்கள் கோழிக் கிறுக்கல். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருதரம். பி.டி. இரண்டு தரம், ரி.டி.எஸ். மூன்று தரம். மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதைத் தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈ.ஓ.டி. என்றால் ஒன்றுவிட்ட ஒரு நாள்.

அந்த உறை இரண்டு நாள் சட்டைப் பையில் இருந்தால் வேர்வையில் மை கரைந்துவிடும். வீட்டுக்குப் போகும் முன், யன்னலடியிலேயே உங்கள் பேனாவால் தமிழில் எழுதிவிடுங்கள்: "சீனிக்கு. காலை 1, இரவு 1. சாப்பாட்டோடு." எதற்கென்பதையும் கட்டாயம் எழுதுங்கள். எதற்கென்று தெரியாத குளிசைதான் முதலில் கைவிடப்படுகிறது.

ஒன்றை மட்டும் இரட்டைக் கோடு போட்டு எழுதவேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்றெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. தவறித் தினமும் போட்டால் இரத்தத்தை உற்பத்தி செய்யும் மச்சையே கெட்டு ஆள் சாகலாம். "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமையின் பெயரையே உறையில் எழுதிவையுங்கள்.

அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கண்ணும் மங்கல்.

மூன்று யோகட் கப் எடுங்கள். ஒன்றில் பனைக்கு மேலே எட்டிப் பார்க்கும் சூரியன், ஒன்றில் உச்சிச் சூரியன், ஒன்றில் பிறை கீறுங்கள். இரவு படுக்கும் முன் வீட்டில் ஒருவர் அடுத்த நாளைக்கு உரியதை மூன்றிலும் பிரித்துப் போட்டு, பல்லியும் எறும்பும் போகாமல் மூடி, பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். கப் வெறுமையானால் போட்டாயிற்று. பெட்டிக் கடையில் விற்கும் ஏழுநாள் டப்பாவும் நல்லதுதான், ஆனால் அதன் மூடியைத் திறக்க வாதம் பிடித்த விரலால் முடியாது. கடையில் ஒருக்கா அம்மம்மாவைக் கொண்டே திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மணிக்கூட்டு நேரம் சொல்வதைவிட ஏற்கனவே உள்ள பழக்கத்தோடு கட்டிவிடுவது நிற்கும். காலைத் தேத்தண்ணி, பின்னேரப் பூசை மணி, இரவுச் செய்தி. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை மட்டும் கப்பிலோ டப்பாவிலோ போடாதீர்கள். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக்க மூடி இருக்கவேண்டும், வெளியே எடுத்தால் வீரியம் பறந்துவிடும்.

குளிசையை உடைத்துக் கரைத்துக் கொடுக்கலாமா?

சிலதை முடியும், சிலதை முடியாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாகக் கரையச் செய்யப்பட்டது. பொடியாக்கினால் முழு நாளைய மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். விழுங்க முடியவில்லை என்று யன்னலில் சொல்லுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டது. அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். அடுத்த வேளைக்கு இன்னும் கன நேரம் இருந்தால் நினைவு வந்ததும் போடலாம், கிட்ட வந்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். சீனி குறைக்கும் கிளிக்கிளசைட் போன்றதைச் சாப்பாடு முடிந்து கன நேரத்துக்குப் பிறகோ படுக்கப் போகும்போதோ போடக்கூடாது. நித்திரையில் சீனி இறங்கினால் யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பது அவ்வளவு முக்கியமா?

மருந்தைப் பொறுத்தது. இங்கே "சாப்பிடவில்லை, அதனால் குளிசையும் போடவில்லை" என்பதுதான் பெரிய கோளாறு. அம்லோடிபின், லொசாட்டன், கொலஸ்ட்ரோலுக்குத் தரும் அற்றோவஸ்ரற்றின் எல்லாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வேலை செய்யும். சாப்பாடு தேவைப்படுவது சீனிக் குளிசைகளுக்கும் வயிற்றை எரிக்கும் நோவுக் குளிசைகளுக்கும்.

நேர்மாறானது தைரொயிட்டுக்குத் தரும் தைரொக்சின். காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, குறைந்தது அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் இல்லை. எங்கள் பக்கத்தில் கண் முழித்ததும் தேத்தண்ணி, ஆகவே இது பெரிய தியாகம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் குளிசையையும் தண்ணீரையும் வைத்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் ஏற்றி, முற்றம் கூட்டி முடித்தால் நேரம் சரியாகிவிடும். கர்ப்பிணிகளின் இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு போடக்கூடாது, தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயமில்லை.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலைக் குளிசையை என்ன செய்வது?

இது ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒரு வேடிக்கை. இரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னால், சனம் எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டு வரும். துணுக்காய்ப் பக்கத்திலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ் பிடித்து, வாங்கிலில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, பசியோடு பிரஷர் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். டொக்டர் அதைப் பார்த்து இன்னொரு குளிசை கூட்டுவார்.

சீனிக் குளிசையும் இன்சுலினும் மட்டும்தான் இரத்தம் எடுத்துச் சாப்பிடும் வரை பொறுக்கவேண்டியவை. பிரஷர் குளிசையை ஒரு முடறு வெறும் தண்ணீரோடு வழமையான நேரத்துக்கே போடலாம். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதன்படி நடவுங்கள். சாப்பாட்டைக் கட்டிக் கையோடு கொண்டு போங்கள். சீனிக் குளிசையும் பையில் இருக்கட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: மாதம் முழுக்க விட்டுவிட்டு, கிளினிக்குக்கு முதல் மூன்று நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிறவர்கள். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளையின் புத்தி. இரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1.சி. என்று ஒன்று இருக்கிறது, அது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விரதம், நோன்பு நாட்களில்?

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் ஒருநேரச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை விரதம், வவுனியா மன்னார் பக்கத்து முஸ்லிம் ஆட்களுக்கு ரமழான் நோன்பு. எதையும் கைவிடச் சொல்ல நான் ஆளில்லை. தொடங்கும் முன் கிளினிக்கில் சொன்னால் சீனி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். சாப்பிடாமல் கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ எடுத்தால் என் அம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும். இன்சுலின் போடுகிறவரும் சிறுநீரக வருத்தக்காரரும் விரதம் பிடிப்பதா என்பதையே டொக்டரிடம் கேட்கவேண்டும். பிரஷர், கொலஸ்ட்ரோல், வலிப்புக் குளிசைகளுக்கு விரதம் கிடையாது. வலிப்புக் குளிசை இரண்டு நாள் தவறினாலே வலிப்பு திரும்பலாம்.

வீட்டில் பிறிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காத குப்பி 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும். பாவிக்கத் தொடங்கியது அறை வெப்பத்தில் நான்கு கிழமை தாங்கும், ஆனால் அந்த "அறை வெப்பம்" 30 பாகைக்கு உட்பட்டது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அது நடவாத காரியம்.

அதற்கு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இரண்டுக்கும் இடையில் மணலை நிரப்பி, மணலை எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். குப்பியை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, மேலே ஈரச் சீலை. பானை காற்றுப் படும் நிழலில் இருக்கவேண்டும், மூடிய அறையில் குளிராது. இது பாவிக்கிற குப்பிக்கு மட்டும். மேலதிகக் குப்பிகளைப் பக்கத்து வீட்டு பிறிட்ஜில் கொடுத்து வைக்கலாம், ஐஸ் கட்டும் தட்டில் வைக்கவேண்டாம் என்று சொல்லி. உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் உருட்டுங்கள். உருட்டிய பிறகும் கட்டியாக நின்றால் போடாதீர்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய குப்பியையும் நம்பவேண்டாம்.

முட்டுக்குத் தந்த கப்சியூலை விழுங்கியும் குறையவில்லை.

அது விழுங்குவதற்கில்லை, கருவிக்குள் போட்டுத் துளைத்து இழுப்பதற்கு. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். குளிசைகளோடு சேர்த்து ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் யாரும் விழுங்கத்தான் செய்வார்கள். யன்னலில் ஒருக்கா இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு வருத்தக்காரரை இழுக்கச் சொல்லி நீங்கள் பாருங்கள்.

இன்னொன்று, முட்டுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று முட்டு வந்தவுடன் தணிப்பது. மற்றது முட்டு வராமல் தடுப்பது, ஒன்றும் இல்லாத நாளிலும் தினமும் இழுக்கவேண்டும். இழுத்ததும் ஒன்றும் தெரியாததால் இரண்டாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அதை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

கசத்துக்கு மருந்து எடுக்கிறார். இரண்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். இன்னும் எதற்கு?

வழமையான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. தேறுவது கிருமி குறைந்ததால். மிஞ்சி இருப்பவைதான் முரட்டுக் கிருமிகள். இடையில் விட்டால் அவை மருந்துக்குப் பழகித் திரும்பி வரும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். சலம் செம்மஞ்சளாகப் போவது றிபாம்பிசினால், இரத்தம் இல்லை. கண் மஞ்சளித்தாலோ விடாமல் சத்தி எடுத்தாலோ அன்றைக்கே போங்கள். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்ணாக இருந்தால், றிபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதைக் குடும்பநல மாதுவிடம் சொல்லி வேறு வழி கேட்கவேண்டும்.

"நரம்புக் குளிசை" போடுவது வெளியில் தெரியக்கூடாது என்று ஒளித்து ஒளித்துப் போடுகிறார், சில நாள் விட்டும் விடுகிறார்.

2009க்குப் பிறகு இந்த மண்ணில் நித்திரை கொள்ளாத வீடுகள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் "குளிசை போட்டால் சரியாகிவிடும்" என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நித்திரையும் பசியும் திரும்பி வந்தால்தான் அவவால் தேடவும் முடியும்.

மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், ஆனால் பக்க விளைவு முதல் கிழமையிலேயே வரும். அந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள், அப்போதுதான் நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். அது போதை போலப் பழக்கமாகாது, நிறுத்தும்போது மட்டும் டொக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும். பழக்கமாகக் கூடியது டயசிப்பாம் போன்ற நித்திரைக் குளிசை, அதைச் சொன்ன நாட்களுக்கு மேல் எடுக்கக்கூடாது. காதில் குரல்கள் கேட்கிற, வீண் சந்தேகங்கள் உள்ள வருத்தக்காரர் குளிசையை மறுத்தால், மாதத்துக்கு ஒருதரமோ சில கிழமைக்கு ஒருதரமோ போடும் ஊசியாக மாற்றலாமா என்று கேளுங்கள். சாக நினைப்பதாகச் சொன்னவர் வீட்டில் இருந்தால், எல்லாருடைய குளிசையையும், வயல் மருந்தையும், பூட்டித் திறப்பை நீங்கள் வைத்திருங்கள்.

வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தருகிறார்கள். காசில்லாத மாதம் பாதிப் பாதியாகப் போடலாமா?

2022இல் டொலர் நெருக்கடி வந்து மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஒன்றுவிட்ட ஒரு நாள் போட்டுச் சமாளித்தார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் நின்றுவிட்டது. பாதியாக்க முன், "எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விடவே கூடாது?" என்று டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. விற்றமின் குளிசைக்குக் காசைக் கொடுத்துவிட்டு வலிப்புக் குளிசையை விடுகிற வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

கடையில் கம்பனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லி, அதே மருந்தில் மலிவானதைக் கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டதே இந்த எண்ணத்தில்தான். கிட்ட அதன் ஒசுசலக் கடை இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். குளிசையின் நிறம் மாறியிருந்தால் அநேகமாகக் கம்பனிதான் மாறியிருக்கும். ஆனாலும் பழையதும் புதியதும் ஒரே மருந்தா என்று கேட்டுவிடுங்கள். அதே மருந்தை இரண்டு நிறத்தில் இரண்டாகப் போட்டு மயங்கி வந்தவர்கள் உண்டு.

பரியாரியாரின் மருந்தையும் சேர்த்து எடுக்கலாமா?

எடுப்பதானால் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு எடுங்கள். பாவற்காய்ச் சாறும் சீனிக் குளிசையும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மேல் இறங்கலாம். பெயர் போடாத பொட்டலத்தில் வரும், இரண்டே நாளில் மூட்டு நோவை மாயமாக்கும் தூளில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதில் ஸ்ரெரொயிட் கலந்திருக்கக் கூடும்.

அறுப்பு, மழை என்று கிளினிக் திகதி தவறிவிடுகிறது.

திகதி போய்விட்டதென்று அடுத்த மாதம் வரை மருந்தில்லாமல் இருக்காதீர்கள். கொப்பியைக் கொண்டு அடுத்த நாளே போங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் கொடுத்தனுப்புவார்கள். கார்த்திகை மார்கழியில் குளம் வான் பாய்ந்து வீதி அறுபடும் ஊர்க்காரர் முன்கூட்டியே சொல்லி ஒரு கிழமைக்குக் கூடக் கேளுங்கள். வருத்தக்காரருக்கு வர முடியாவிட்டால் மகனிடம் கொப்பியைக் கொடுத்து அனுப்பலாமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு மாதமும் அப்படிச் செய்தால் பிரஷரை யார் பார்ப்பது?

கொப்பியையும் கடைசியாகத் தந்த உறைகளையும் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றிக் கதவடியில் கொழுவி வையுங்கள். இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. முகாமில் உடுத்த உடுப்போடு வந்த ஒரு ஆச்சி, மடிக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டியதைக் கண்டவள் நான்.

மிஞ்சிய குளிசைகளை என்ன செய்வது?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள், எவ்வளவு மிஞ்சியது என்று எங்களுக்கும் தெரியவரும். கிணற்றடியில் கொட்டாதீர்கள், "எனக்கும் அதே வருத்தம்தான்" என்று கேட்டு வரும் அயலாருக்கும் கொடுக்காதீர்கள்.

நான் கனடாவில் இருக்கிறேன். அம்மா கிளிநொச்சியில் தனிய. இங்கிருந்து என்ன செய்யலாம்?

மருந்துப் பார்சல் அனுப்பவேண்டாம். அங்கத்தைய பெயரில் வரும் குளிசையை அம்மா இங்கத்தையதோடு சேர்த்துப் போட்டுவிடுவா. தினமும் எடுக்கும் போனை அவவின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள், உங்களுக்கு அது காலையாக இருக்கும். "குளிசை போட்டீங்களா?" என்று தொடங்காமல், "என்ன கறி அம்மா?" என்று தொடங்குங்கள். கதை போய்க்கொண்டிருக்கும்போது பிறை கீறிய கப்பைக் கமெராவுக்கு முன்னால் ஒருக்கா கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். மாதத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் சொல்லி, மிச்சக் குளிசையை மேசையில் கொட்டி எண்ண வையுங்கள். மா ரின்னையும் ஒருக்கா திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.